கூடும் கூண்டும்

பறவை தனக்கென்று கட்டிக்கொள்வது கூடு. பறவைக்கென்று மனிதன் கட்டுவது கூண்டு. தமிழில் இவ்விரு சொற்களுக்கும் இடையே ஓரெழுத்தே வேறுபாடு. வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுப் பக்கம் வந்துவிட்டால் அவ்வோரெழுத்தும் நீங்கிவிடுகிறது. மலையாளத்தில் இரண்டும் கூடுதான். கிளி என்னும் சொல்லும் எல்லையில் அங்ஙனமே பொருள் மாறுகிறது. நமக்குக் கிளி என்றால் பச்சைக்கிளி. மலையாளிகளுக்கோ சிறு பறவை எதுவாயினும் கிளி. நம் கிளி அவர்களுக்குத் ‘தத்த’. பேருந்தின் வாயிற்படியில் நின்று குரல் கொடுக்கும் உதவியாளருக்கும் கேரளத்தில் ‘கிளி’ என்றே பட்டப்பெயர் வழங்குகிறது. மூணாற்றிலிருந்து சித்தூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், யாம் ஒரு கடைக்குச் சென்று கிளிக்கூண்டு வேண்டும் என்றோம். “எந்தக் கிளிக்கு?” என்றார் கடைக்காரர். கிளிக்குத்தான் என்றோம். “அதுதான் கேட்கிறேன், எந்தக் கிளிக்கு?” என்றார் மீண்டும். மொழிக்குழப்பம் என்று அன்று இருவரும் நகைத்தோம். விலை கட்டுப்படியாகாமையால் வெறுங்கையோடு திரும்பினோம். கூண்டு தேடுவோர் முதலில் விடையளிக்க வேண்டிய வினா அதுவே என்பது பின்னர்த்தான் எமக்கு விளங்கியது.

சொல்லாராய்ச்சியில் புகுவது எம் நோக்கமன்று. அதனையடுத்து எம் இல்லத்தில் நேர்ந்ததொரு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். ஏழாம் வகுப்பில் பயின்ற எம் மகள் நெடுநாளாக வேண்டியதால், ‘லவ் பேர்ட்ஸ்’ எனப்படும் சிறு பறவைகளுள் இரண்டு இணைகள் வாங்கினோம். கூண்டை யாமே செய்தோம். பொருள்கட்டும் பெட்டியின் பலகைகள் சட்டமாயின. கோழிக்கொட்டிலுக்கு வாங்கி மிஞ்சிய ஓரங்குல வலை சுவராயிற்று. செலவு ஏறத்தாழ இல்லை. பின்கட்டுத் திண்ணையில் மாட்டிவிட்டுச் சிக்கனத்தை எண்ணி மகிழ்ந்தோம். “வலைக்கண் பெரிதாக இருக்கிறதே, அப்பா” என்றாள் மகள். பறவை வெளியே போகாதம்மா, போதும் என்றோம்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் ஒரு விடியற்காலை, திண்ணையில் வழக்கமான கீச்சொலி கேட்கவில்லை. சென்று பார்த்தால் கூண்டின் அடியில் ஓர் இளஞ்சாரை சுருண்டு கிடந்தது. உடலில் இரண்டு இடங்கள் புடைத்திருந்தன. மூன்றாம் பறவை தரையில் இறந்து கிடந்தது. நான்காவது மட்டும் மேல்மூலை வலையைப் பற்றிக்கொண்டு அசையாதிருந்தது. மெலிந்த உடலோடு வலைக்கண்ணில் நுழைந்த பாம்பு, உண்டு பருத்தபின் வெளியேற முடியாமல் அங்கேயே சிறைப்பட்டுவிட்டது. கழியோடு வந்தவர்களைத் தடுத்து, பக்கத்து வீட்டுப் பெரியவர் வலையைக் கத்தரித்துப் பாம்பை வயலில் கொண்டுபோய் விட்டார். அது தன் பசிக்கு உண்டது. பிழை கூண்டு கட்டியவனுடையது என்று அவர் சொல்லவில்லையாயினும், எமக்கு அவ்வாறே கேட்டது. மகள் ஒன்றே சொன்னாள்: “நான் அன்றைக்கே சொன்னேனே.”

பறவை வெளியே போகுமா என்று பார்த்தோம். எது உள்ளே வரும் என்று பாராது விட்டோம். இப்பிழை எமக்கு மட்டும் உரியதா, அன்றிக் கூண்டின் வரலாறு முழுவதும் இப்படித்தானா என்னும் ஐயம் எழுந்தது. அதன் வழியே சென்று யாம் அறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

பழந்தமிழர் வாழ்வில் கிளி முதலில் தோன்றுவது செல்லப்பறவையாக அன்று, திருடனாக. குறிஞ்சி நிலத்தில் தினை முற்றும் பருவத்தில் பெண்மக்கள் பரணில் அமர்ந்து தட்டை, தழல், குளிர், கவண் ஆகியவற்றால் கிளிகளை ஓட்டியதைச் சங்கப் பாடல்கள் பலகாலும் பேசுகின்றன. அக்குறிஞ்சிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், இன்று இடுக்கி மாவட்டம் எனப்படும் நம் மலைகளையே காட்டலாம். பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் பறவைகளை ஆராய வந்தபோது தம் பணியைத் தொடங்கிய இடங்களுள் ஒன்று, உடுமலைப்பேட்டைக்கு மேலேயுள்ள மறையூர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியதும் உலகில் வேறெங்கும் காணப்படாததுமான நீலச்சிறகுக் கிளி இன்றும் இம்மலைக்காடுகளில் கூட்டமாகப் பறக்கிறது. தினைப்புனத்துப் பெண்ணுக்குக் கிளி அகல வேண்டும். அதற்குக் கூண்டு எதற்கு?

ஆயினும் அதே பழங்காலத்தில் கிளி வீட்டினுள்ளும் புகுந்துவிட்டது. பெரும்பாணாற்றுப்படையில் மறையவர் மனைக் கிளி வேத ஓசையைப் பயில்கிறது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாளின் கிளி கூண்டிலிருந்து ஓயாமல் கோவிந்தன் பெயரைக் கூவுகிறது. அவள் சினந்து உணவை நிறுத்தினாலும் அது வாய் மூடுவதில்லை. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் இன்றும் நாள்தோறும் இலையாலும் பூவாலும் புதிதாகச் செய்த கிளி ஒன்றைச் சாத்துகின்றனர். உலகில் கூண்டு வேண்டாத வளர்ப்புக்கிளி அது ஒன்றே போலும்! திருஞானசம்பந்தர் கிளியை அழைத்துத் தேனும் பாலும் தருவதாகச் சொல்லி, இறைவன் பெயரை ஒருகால் பேசக் கேட்கிறார். தமிழில் சிறை என்னும் சொல்லுக்குச் சிறகு என்றும் பொருள், காவல் என்றும் பொருள். ஒரே சொல்லுக்குள் பறப்பதும் அடைபடுவதும் இப்படி அருகருகே அமர்ந்திருப்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே மிகுகிறது.

கூண்டுக்கு வடசொல் வழியே வந்த மற்றொரு பெயர் பஞ்சரம். கோயில் விமானங்களில் கூடம், சாலை என்பவற்றோடு வரிசையாக அமையும் சிறு கோயில் வடிவத்தையும் சிற்பிகள் பஞ்சரம் என்றே வழங்குகின்றனர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபமே உண்டு. ஒருகாலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகளை வளர்த்து, அன்னையின் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தனர். கிளிகள் போனபின்னும் மண்டபத்தின் பெயர் நிற்கிறது.

யாம் வாழும் சித்தூரும் கிளியோடு தொடர்புடைய ஊரே. கிளியே கதை சொல்வதாக அமைந்த ‘கிளிப்பாட்டு’ முறையில் அத்யாத்ம ராமாயணத்தை மலையாளத்தில் பாடிய துஞ்சத்து எழுத்தச்சன், தம் இறுதிக்காலத்தைக் கழித்த குருமடம் இங்கே சோகநாசினி ஆற்றங்கரையில் உள்ளது. ஓய்வுநாட்களில் மாலையில் அவ்வழியே நடப்பது எம் வழக்கம். அவர் அழைத்த கிளி கூண்டுக்கிளியாக இருந்திருக்கும் என்று எமக்குத் தோன்றுவதில்லை. அழைத்தால் வந்தமரும் கிளியாகவே தோன்றுகிறது.

அழைத்து வராத கிளியை அடைத்து வைத்தவர்களே உலகில் மிகுதி. கிளி இந்தியாவிலிருந்து வருவது என்று உரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்துள்ளார். உரோமானியச் செல்வர் ஒருவரின் கிளிக்கூண்டு ஆமையோட்டாலும் தந்தத்தாலும் வெள்ளிக் கம்பிகளாலும் ஆனது என்பதை இலத்தீன் கவிஞர் ஸ்டேஷியஸ் பாடியுள்ளார். நம் நாட்டுச் செல்வர் வீடுகளிலும் பித்தளைக் கூண்டுகள் தொங்கின. கோயில் விமானம்போல் குவிந்த முகடும் உச்சியில் கலசமும் கொண்டவை அவை. காண அழகியவைதாம். ஆனால் கிளியின் நிலையிலிருந்து நோக்கினால் அவற்றில் குறைகள் பல. கம்பிகள் மேலே செல்லச் செல்ல நெருங்கிக் குவிவதால், கால்விரலோ தலையோ இடுக்கில் மாட்டிக்கொள்ளும். உயரம் இருக்கும், நீளம் இராது. சிறு கிளி குறுக்கே பறப்பதேயன்றி நெட்டுக்கு மேலேறுவதில்லையாதலால், அவ்வுயரத்தால் அதற்குப் பயனில்லை. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்துள்ளன. கம்பியைக் கடித்துக் கொறிக்கும் பறவைக்கு இரண்டும் நல்லவை அல்ல. ஏழையரின் மூங்கில் கூண்டு இவ்வகையில் மேலானது; ஆனால் எலியின் பல்லுக்கு அது நில்லாது. கிளிச்சோதிடரின் மரப்பெட்டியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. சிறகு கத்தரிக்கப்பட்ட கிளி அதிலிருந்து வெளியே வரும், சீட்டை எடுக்கும், ஒரு நெல்லைப் பெறும், மீண்டும் உள்ளே புகும். அப்பெட்டியில் கிளி திரும்பி நிற்பதற்கும் இடம் அரிது.

எம் அப்பத்தாவும் கிளி வளர்த்தவரே. போடியிலிருந்து மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து கொழுந்து கிள்ளியவர். லயத்து வீட்டின் ஒற்றை அறையில் எழுவர் உறங்கிய காலத்தில், இறவாணத்தில் ஒரு மூங்கில் கூண்டும் தொங்கியது. அக்கிளிக்கு முருகன் பெயரைச் சொல்லிக்கொடுக்க அவர் பெரிதும் முயன்றார். அது கற்றதோ வேறு. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படச் சொல்லிக் கங்காணி கூப்பிடும் குரலை அச்சாகக் கற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் இருட்டோடு அது கூவ, வரிசை முழுவதும் துயிலெழுந்து கிளியையும் அப்பத்தாவையும் சேர்த்து வைது தீர்க்கும். எம் பத்தாம் வயதளவில், ஒரு மழைக்காலத்தில் அக்கிளி இறந்தது. பின்னர் அவர் வேறு கிளி வளர்க்கவில்லை.

வளர்க்க விரும்பியிருந்தாலும் சட்டம் இடம் தந்திராது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், நாட்டுப் பறவைகளின் வணிகத்தை அறவே நிறுத்திய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் கூண்டின் வரலாற்றை இரண்டாகப் பிரித்துவிட்டன எனலாம். பச்சைக்கிளி, மைனா, சில்லை ஆகிய நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றமாகும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னும் அந்நிலை மாறவில்லை. 2024 ஏப்ரலில், தேர்தல் காலத்தில், கடலூர்ப் பகுதியில் வேட்பாளர் ஒருவருக்கு வெற்றிச்சீட்டு எடுத்துக்கொடுத்த சோதிடரின் கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றிய செய்தியை நாளிதழ்களில் கண்டிருப்பீர்கள். நம்முள் சிலர் இச்சட்டத்தை அறியாமல், சந்தைப்பக்கம் கிடைத்தது என்று கிளிக்குஞ்சை வாங்கி வந்து விடுகின்றனர். குழந்தைக்காக வாங்கியது வழக்காக முடியும்.

ஆகவே இன்று நம் கூண்டுக்கு உரியவை அயல்நாட்டுச் சிறு பறவைகளே. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது, நாம் பிழையாக ‘லவ் பேர்ட்ஸ்’ என்றழைக்கும் பட்ஜெரிகர். அப்பெயருக்கு உண்மையில் உரியது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு குட்டைவால் கிளி. பட்ஜெரிகர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. ஜான் கூல்ட் என்னும் பறவையறிஞர் 1840ஆம் ஆண்டு அதனை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அன்று முதல் கூண்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, இயற்கையான பச்சையோடு மஞ்சளும் நீலமும் வெள்ளையுமாகப் பல நிறங்கள் கண்டுவிட்டது. அயல்நாட்டு உயிர்களுட் பலவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்துள்ளன. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் பட்ஜெரிகர் இடம்பெறாமையால் அதற்கு அப்பதிவு வேண்டுவதில்லை.

இங்கேதான் பழைய கூண்டுக்கும் புதிய கூண்டுக்கும் வேறுபாடு பிறக்கிறது. அப்பத்தாவின் கிளிக்கு வெளியே ஒரு காடு இருந்தது. அதன் இனம் அங்கே கூடு கட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துவிட்டிருந்தால் அது பிழைத்திருக்கவும் கூடும். எம் மகளின் பறவைக்கு வெளியே ஒன்றுமில்லை. திறந்துவிட்டால் மாலைக்குள் காகமோ வல்லூறோ முடித்துவிடும். அதற்குக் கூண்டே கூடு. மலையாளிகள் சொல்வதே இவ்விடத்துப் பொருந்துகிறது. இத்தகைய எண்ணத்தோடு செய்த கூண்டு ஒன்று மேலைநாட்டில் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறியக் கேனரிக் குருவிகளைக் கொண்டுசெல்லலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் கூறினார். குருவி மயங்கி விழுந்தால் மனிதர் வெளியேறுவர், குருவியின் கதி? அதற்காகப் பின்னர்ச் செய்த கூண்டின் மேல் சிறு ஆக்சிஜன் உருளை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. குருவி சாய்ந்ததும் கதவை மூடி உருளையைத் திறந்தால் அது மீண்டெழும். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுதான் மின்கருவிகள் வந்து அக்குருவிகளுக்கு ஓய்வளித்தன. தொண்டு செய்த பறவையைக் காக்கச் சுரங்கத்தார் அத்தனை எண்ணினர். திண்ணையில் பாடும் பறவைக்கு யாம் ஓரங்குல வலையை எண்ணவில்லை.

இரண்டாம் கூண்டை எங்ஙனம் செய்தோம் என்பதைச் சற்று விரித்தே சொல்வோம்; சிறுசம்பளக் குடும்பங்களுக்குப் பயன்படும். ஓரிணைக்கு 3 அடி நீளம், 1½ அடி அகலம், 2 அடி உயரம் போதும். கோழிவலை வேண்டாம், ஒட்டுப்போட்ட சதுரவலையில் அரையங்குலக் கண் உடையதை வாங்குக. பட்ஜெரிகரினும் சிறிய பறவைகளுக்கு இன்னும் குறுகிய கண் வேண்டும். 3 அடி அகலமுள்ள வலையில் 9 அடி வாங்கினால் ஒரு துண்டும் வீணாகாது. 7 அடியை மடக்கினால் முன், பின், மேல், கீழ் என நாற்புறமும் முடியும். எஞ்சிய 2 அடியை நடுவே வெட்டினால் இரு பக்கங்கள் ஆகும். சட்டத்துக்கு மரக்கீற்று, கதவு, தட்டு எல்லாம் சேர்த்து எமக்கு 1,500 ரூபாய்க்குள் அடங்கிற்று. கடையில் முதலில் கேட்ட விலையில் பாதிதான்.

புதிய வலையை அப்படியே பூட்டிவிடலாகாது. அதன்மேல் பூசிய துத்தநாகம் ஆங்காங்கே துளிகளாகவும் பொடியாகவும் நிற்கும். அலகால் கம்பியைப் பற்றி ஏறும் பறவை அதனைக் கொறித்து உண்ணும். சில நாளில் சோர்ந்து இறக்கும். நோய் வந்ததென்று நாம் எண்ணிக்கொள்வோம். வினிகரில் நனைத்த கடினமான தூரிகையால் வலை முழுவதையும் தேய்த்து, நீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தல் வேண்டும். வெட்டிய கம்பி முனைகளை வெளிப்புறமாக மடக்குக. ஆயத்தக் கூண்டு வாங்குவோர் வண்ணப்பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்க்கட்டும். உரிந்து வந்தால் வாங்க வேண்டாம். மேலேறி இறங்கும் சிறு கதவுகளைப் பறவை தூக்கத் தெரிந்துகொள்ளும். பாதி தூக்கியதில் கழுத்தை விட்டு மாட்டிக்கொள்ளும். துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைச் செருகிவிட்டால் அக்கவலை இல்லை.

உட்காரும் கம்புக்குக் கடையில் தரும் வழவழப்பான உருளை வேண்டாம். கொய்யா, வேம்பு ஆகியவற்றின் கிளைகளை, ஒன்று பருமனாகவும் ஒன்று மெலிதாகவும், பட்டையோடு வெட்டிப் பூட்டினால் கால்களுக்கு நலம், கொறிக்கவும் ஆகும். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் மீனின் ஓடு கிடைக்கும். அலகு தேயவும் சுண்ணாம்புச் சத்துக்கும் அது ஏற்றது. பக்கவாட்டில் துளையிட்ட மண்கலயம் தொங்கவிட்டால் முட்டையிடும். குஞ்சு வேண்டாதவர் கலயமும் வைக்க வேண்டாம்.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சித்தூருக்கும் மூணாற்றுக்கும் வேறுவேறு விதி. இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழி, தை மாதங்களில் ஓயாது வீசும். கூண்டின் ஒரு புறமேனும் சுவரை ஒட்டியிருக்க வேண்டும். சுவரை ஒட்டினால் பறவைக்கு அச்சமும் குறையும். மூணாற்றிலோ தை மாத இரவில் பனி உறையும். சாக்கோ கம்பளியோ போர்த்தாமல் வெளியே விடலாகாது. அடுக்களை எவ்வூரிலும் ஆகாது. ஒட்டாத பூச்சுள்ள சட்டி அடுப்பில் மறந்து காய்ந்தால் எழும் ஆவி நமக்கு மணமாகவும் தெரியாது. பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். எறும்புக்குக் கூண்டின் கால்களை நீருள்ள கொட்டாங்கச்சிகளில் நிறுத்துதல் பழைய வழி. சுண்டெலிக் குட்டி அரையங்குலத்திலும் நுழையும். அதற்கு வலையை நம்புவதைக் காட்டிலும், மாலையில் சிந்திய தினையைக் கூட்டி எடுப்பதே தக்கது. அப்பணியை எம் மகள் ஏற்றிருக்கிறாள். எம்மிடம் விட அவளுக்கு மனமில்லை.

எஞ்சிய ஒற்றைப் பறவை அப்புதிய கூண்டில் முதல் மூன்று நாள் மேல்மூலையை விட்டு இறங்கவேயில்லை. நான்காம் நாள் கொய்யாக் கிளைக்கு வந்தது. ஒரு மாதம் கழித்து மகள் தானே கடைக்கு வந்து அதற்குத் துணை தேர்ந்தாள். கூண்டை விலைக்குக் கேட்டபோது அன்று நகைத்த அதே கடைக்காரர்தாம். அவர் வாய் திறக்குமுன்னரே, எந்தக் கிளிக்கு என்பதை மலையாளத்தில் அவள் விளக்கிச் சொன்னாள்.

அப்பத்தாவின் மூங்கில் கூண்டு, மூணாற்றிலிருந்து சாமான்களோடு சித்தூருக்கும் வந்து சேர்ந்தது. கதவு மட்டும் தொலைந்துபோயிற்று. காற்றோட்டம் உள்ளதாகையால் அடுக்களை மூலையில் தொங்கவிட்டு, அதில் இப்போது சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம்.